உழைக்கும் உடம்புக்கும் பயிற்சி வேண்டும்

“உழைக்கிற உடம்பைச் சர்க்கரை வியாதி அண்டாது” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. நீரிழிவு என்றால் அது பட்டணத்து வியாதி, பணக்காரர் வியாதி, நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பவர்களுக்கு வரும் வியாதி என்றே ஜனங்கள் எண்ணி வந்தார்கள். வலை இழுப்பவருக்கும், தோணி தள்ளுபவருக்கும், கூடை சுமப்பவருக்கும் அந்தக் கவலை வேண்டியதில்லை என்று வைத்தியர்கள்கூட ஒரு காலத்தில் கருதியதுண்டு. இன்று அப்படி எண்ணிக்கொண்டு சும்மா இருப்பது பேராபத்து. பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் கரையோரம் வாழும் மீனவ மக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

நம் தேசத்தில் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், கோட்டைக்குப்பம், தோணிரேவு, ஜமீலாபாத் என்று அதன் கரையிலும் கடலோரத்திலும் வரிசையாக ஊர்கள். ஏரியும் கடலுமே இவர்களுக்கு வயல். கையும் காலுமே இவர்களுக்கு மூலதனம். அந்தக் காலுக்கும் கைக்கும் ஆபத்து வந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும். நீரிழிவு முதலில் குறிவைப்பதும் அந்தக் காலைத்தான் என்பதைப் பலர் அறியாமலிருக்கிறார்கள்.

ஏழையின் வாசலிலும் வந்து நிற்கிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் அது கூறியது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளவர்கள்.

இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று சென்னையிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. 1990களின் நடுவில் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வகுப்பார் வாழும் ஏசியாட் காலனி. மற்றொன்று, தியாகராய நகரில் ஏழைகள் வாழும் பாரதி நகர். முதலாவதில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. ஏழைகளிடம் நூற்றுக்கு 6 அல்லது 7 பேருக்குத்தான். பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களை மறுபடி ஆராய்ந்தபோது, இரண்டு இடத்திலும் நூற்றுக்கு 15 பேர் என்று கணக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது! நடுத்தர வகுப்பில் சிறிதளவே ஏறிய வியாதி, ஏழைகளிடம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஏழைக்கு இந்த வியாதி வராது என்ற பழைய பாதுகாப்பு பத்தே ஆண்டுகளில் கரைந்து போயிற்று.

அதே ஏசியாட் காலனியில் நடந்த வேறொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். தங்களிடையே இத்தனை பேருக்கு நோய் இருப்பதை அறிந்த அந்தக் காலனிவாசிகள், தாங்களே பணம் திரட்டி நடைப்பயிற்சிக்கென்று ஒரு பூங்காவை அமைத்தார்கள். முதலில் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தேகப்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். பின்னர் அது 58 பேருக்கு மேலாக உயர்ந்தது. நோயின் கணக்கைக் கேட்டுக் கலங்கி உட்காராமல் அவர்கள் செய்த இந்தக் காரியம், எந்த ஊரும் பின்பற்றத்தக்கது.

ஏரியில் என்ன மாறியது?

மீனவர் உழைப்பு கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உழைப்பின் வகை மாறிவிட்டது. துடுப்புப் போட்ட கைகளுக்கு இப்போது எஞ்சின் துணை இருக்கிறது. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு வந்துவிட்டது. தலைச்சுமையாய்க் கூடையைச் சுமந்து மைல் கணக்கில் நடந்த பெண்களுக்கு ஷேர் ஆட்டோவும் வேனும் கிடைத்துவிட்டன. இவையெல்லாம் நல்லவையே, கஷ்டம் குறைந்ததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. சர்க்கரை போட்ட தேநீரும் குறையவில்லை.

பழவேற்காட்டில் வேறொரு விசேஷமும் உண்டு. ஏரியில் “பாடு” என்ற முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஏரி எல்லோருக்கும் பொதுவானாலும், இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. சண்டை சச்சரவில்லாமல் வாழ முன்னோர் கண்ட நல்ல வழி. ஆனால் உடம்பின் கணக்கில் பார்த்தால், முறை வந்த நாளில் உயிரைக் கொடுத்து உழைப்பதும், முறை இல்லாத நாளில் ஓய்ந்து உட்கார்ந்திருப்பதுமாக வாழ்க்கை அமைகிறது. கடலில் காற்றும் அலையும் மிகுந்தாலும், ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டாலும் நாள்கணக்கில் வேலை நின்றுபோகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வேலையை நம்பியிருப்போர் கரையிலேயே இருக்கிறார்கள்.

பெண்களின் நிலைமை வேறு விதமானது. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் பேர் பெற்றவை. விரல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. உடம்போ காலை முதல் மாலை வரை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. களைப்பு உண்டு, ஆனால் நீரிழிவைத் தடுக்கும் பயிற்சி அதில் இல்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும்.

தசை செய்யும் வைத்தியம்

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் தசைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சாவி இருந்தாலும் பூட்டு துருப்பிடித்துவிடுகிறது. சர்க்கரை உள்ளே போக வழியின்றி ரத்தத்திலேயே தங்கி, கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது.

தசை சுருங்கி விரியும்போது ஓர் அற்புதம் நிகழ்கிறது. இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே தசை சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை அந்தப் பூட்டு எளிதாகத் திறக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவேதான், இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து பயிற்சியில்லாமல் இருக்கக் கூடாது என்று நீரிழிவு வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஒரே நாளில் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு நான்கு நாள் படுத்துக் கிடப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது நீரிழிவுக்கு மேலான மருந்து. பாட்டுக்கு முறை உண்டு. சர்க்கரைக்கு முறை கிடையாது!

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமன்று. பழைய வைத்திய நூலான சுசுருத சம்ஹிதை, இவ்வகை நோயுள்ள ஏழை நூறு யோசனை தூரம் நடக்கட்டும் என்றும், கிணறு தோண்டட்டும் என்றும் கூறுகிறது. செருப்பில்லாமல் நடக்கச் சொன்னதை மட்டும் இன்று நாம் ஏற்பதற்கில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இக்காலத்து ஆதாரமும் நம் ஊரிலேயே இருக்கிறது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய ஆராய்ச்சி 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆனார்கள். நாள்தோறும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்து, உணவையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுத்துக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த ஆராய்ச்சியில், ஏற்கெனவே உடலுழைப்போ நடையோ போதிய அளவில் உள்ளவர்கள் அதையே தொடர்ந்தால் போதும் என்று சொல்லப்பட்டதையும் குறிப்பிட வேண்டும். உழைப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. அது நாள் தவறாமல் இருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

வலி இல்லாத காயம்

நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறைகிறது. முள் குத்தினாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. பட்டணத்தில் ஜோடு போட்டு நடப்பவருக்கே இது ஆபத்து. சேற்றில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும், வலையை இழுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நடப்பவருக்கும் எத்தகைய ஆபத்து! ஏரிச் சேற்றில் சிப்பி ஓடு உண்டு, கெளுத்தி முள் உண்டு, உடைந்த கண்ணாடியும் உண்டு. உப்புக் கலந்த நீரில் வாழும் சில கிருமிகள் காயத்தின் வழியே புகுந்தால், நீரிழிவு உள்ள உடம்பில் அதிவேகமாகப் பரவக்கூடியவை. சிறிய கீறல் புண்ணாகி, புண் அழுகி, விரல் போய், கால் போகும் வரை வலியே தெரியாமல் இருந்துவிடுவதும் உண்டு.

வலி என்பது கடவுள் கொடுத்த காவலாளி என்பதை நம் தமிழ்நாட்டிலிருந்தே உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயாளிகளின் கால் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சியற்ற பாதத்தில் படும் காயங்களாலேயே அழிகின்றன என்று காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். தொழுநோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு இன்று நீரிழிவு நோயாளிகளின் கால்களையும் காக்கிறது.

ஆகவே உணர்ச்சி குறைந்த காலுடன் வெறுங்காலில் கடற்கரை மணலில் நடப்பதை உடற்பயிற்சி என்று எண்ணிவிடக் கூடாது. நடக்கும்போது செருப்பு அவசியம். நீரில் இறங்கும்போது கெட்டியான ரப்பர் காலணி அவசியம். இரவு படுக்குமுன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பார்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். தானே பார்க்க முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு நிமிஷ வேலை. ஒரு காலைக் காப்பாற்றும் வேலை.

பிசியோதெரபி யாருக்கு?

பிசியோதெரபி என்றால் பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் எலும்பு முறிந்தவருக்கும் உரியது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நீரிழிவுக்காரருக்கு அதனால் உண்டாகும் நன்மை அநேகம். பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது, யார் எந்தப் பயிற்சியைச் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்று வகுத்துக் கொடுப்பது, முழங்கால் வலியால் நடக்க முடியாதவருக்கு நாற்காலியிலேயே பயிற்சி சொல்லித் தருவது, நிலை தடுமாறி விழுகிறவருக்கு நிற்கக் கற்றுத் தருவது — இவையெல்லாம் பிசியோதெரபி நிபுணரின் வேலை.

நீரிழிவுக்காரருக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. குமாஸ்தாவுக்கு இது சட்டை மாட்டும் கஷ்டம். வீச்சு வலைக்காரருக்கோ இது பிழைப்பே போகும் கஷ்டம். “வலை இழுத்ததில் சுளுக்கு” என்று எண்ணெய் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பதைவிட, ஆரம்பத்திலேயே காட்டிப் பயிற்சி பெற்றால் தோள் மீண்டும் இளகும்.

வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளும் உண்டு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது. சுவரில் கையூன்றித் தள்ளுவது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது. மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது. சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல் மெல்ல மேலே கொண்டுபோவது. இவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்து, வாரத்துக்கு 150 நிமிஷம் சற்று வேகமாக நடந்தால் அதுவே போதுமான அளவு. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது ஏறும் சர்க்கரையை உடனே அடக்கும். ஓலை பின்னும் பெண்மணிகள் அரை மணிக்கொரு தடவை எழுந்து மூன்று நிமிஷம் நடமாடினாலே பலன் உண்டு.

எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவரும் வெறும் வயிற்றில் கடுமையாக உழைத்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். நடுநிசியில், நடு ஏரியில், தனியாகப் படகில் இருப்பவருக்கு இது உயிராபத்து. அவர்கள் நனையாத டப்பாவில் சர்க்கரையோ குளுக்கோசோ வைத்திருக்க வேண்டும். உடன் வருபவரிடம் தம் நோயைச் சொல்லியிருக்க வேண்டும். மார்பு வலி உள்ளவரும், கண்ணில் ரத்தக் கசிவு உள்ளவரும், பாதத்தில் புண் உள்ளவரும் டாக்டரைக் கேளாமல் எந்தப் பயிற்சியும் தொடங்கலாகாது. பயிற்சி செய்கிறோம் என்று மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடவே கூடாது. மருந்தும் பயிற்சியும் வண்டியின் இரண்டு சக்கரங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

நீரிழிவு வைத்தியத்துக்கு வட சென்னை பழைய வீடு. டாக்டர் மா. விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார்; 1954இல் ராயபுரத்தில் மருத்துவமனையை நிறுவினார். பொன்னேரியில் ரயிலேறினால் எட்டிவிடும் தூரம்தான். ஆயினும் புண் முற்றிய காலுடன் பட்டணத்துக்கு ஓடுவதைவிட, கால் நன்றாயிருக்கும்போதே ஊருக்குள் பயிற்சி கிடைப்பதல்லவா மேல்?

இதற்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில், வீட்டுக்கே மாத்திரை கொண்டு தருவதுடன் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்ற ஏற்பாடும் தொடங்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் ஒன்றியம் முழுவதற்கும் அலையும் ஒரு நிபுணர், படுத்த படுக்கையாய் இருப்பவர்களைக் கவனிக்கவே நேரம் போதாது. நடமாடிக்கொண்டிருக்கும் நீரிழிவுக்காரர், ‘எனக்கென்ன?’ என்று விடுபட்டுப் போகிறார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய கட்டடமன்று. பழவேற்காட்டில் வாரம் ஒரு நாளாவது, இன்ன கிழமை, இன்ன நேரம் என்று நிச்சயித்து, நீரிழிவுக்காரர்களுக்கெனப் பிசியோதெரபி நிபுணரும் பாதப் பரிசோதனையும் கிடைக்கட்டும். காலை ஏலம் முடிந்து ஜனங்கள் ஓய்ந்திருக்கும் வேளை எது என்பதை ஊராரைக் கேட்டு அந்த நேரத்தை வைக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வசதியான நேரத்தில் மீனவர் நீரில் இருப்பார். உணர்ச்சி குறைந்த பாதமுள்ளவர்களுக்கு மெத்தென்ற செருப்பு விலையின்றிக் கிடைக்கட்டும். தடைக்கால மாதங்களில் ஊர்தோறும் சர்க்கரைப் பரிசோதனை நடக்கட்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று ஊரார் கைகட்டி நிற்பதும் நியாயமல்ல. பாட்டுக்கு முறை வைத்து ஏரியையே பங்கிட்டு நடத்தத் தெரிந்த ஊர்க்கட்டுப்பாடு, தேகப்பயிற்சிக்கு ஒரு முறை வைக்க முடியாதா? வலை பின்னும் கூடத்தில் மாலை அரை மணி நேரம் ஆண்களும், சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு முன் பெண்களும் சேர்ந்து செய்தால் கூச்சமும் போகும், நாள் தவறுவதும் குறையும். ஏசியாட் காலனிவாசிகள் பணம் திரட்டிப் பூங்கா போட்டார்கள். ஏரிக்கரையில் வாழ்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. வேண்டியது மனம் ஒன்றுதான்.

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று தோன்றினாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அங்கே அதற்குக் கட்டணம் கிடையாது. இருப்பது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நாள் தவறாத நடையும், ஒழுங்கான மருந்தும், பாதத்தின் மீது ஒரு கண்ணும் இருந்தால் நீரிழிவோடு நெடுங்காலம் நன்றாக வாழலாம். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு உடம்பைத் தவிர வேறு சொத்தில்லை. அந்தச் சொத்தைக் காக்க நாள்தோறும் அரை மணி நேரம் கொடுப்பது அதிகமல்ல.